தண்ணீர் குடித்த காவடி

1982 சனவரி 23, சனி

மூன்று மணியிலிருந்து மழை. காலையில் இன்னும் இருட்டிலேயே வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. புது வருஷத்தன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளச் சொன்னார்கள். தள்ளியாயிற்று. சூரியனுக்குத் தகவல் போகவில்லை போல.

புது நோட்டு. பழையதைக் கரையான் தின்றுவிட்டது. அதில் முக்கியமாக இருந்ததை மட்டும் இங்கே திரும்ப எழுதுகிறேன்.

1. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பட்டறையில் இழைப்பு மிஷின் என் வலது கையைப் பிடித்தது. கடைசி இரண்டு விரல். நரம்பு அறுந்து தைத்தார்கள். மடங்கும், முழுக்க மடங்காது.

2. அதற்கு முன் பதினோரு வருஷம் நாற்காலி வளைக்கும் பிரிவில் இருந்தேன். இப்போது தேய்க்கும் பிரிவு. உப்புத்தாளும் நானும். முதலாளி தவுக்கே ஒரே வார்த்தை சொன்னார்: "கை பலம் இல்லை." சோதித்துப் பார்த்தாரா? இல்லை.

3. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கச்சி சரசு வேண்டிக்கொண்டாள். அண்ணன் கையை எடுக்காமல் தப்பினால் தைப்பூசத்துக்கு என் வீட்டுக்காரர் காவடி எடுப்பார் என்று. யாரைக் கேட்டு? என் கைக்கு மாணிக்கத்தின் தோளா? போன வருஷம் அவள் மாமனார் செத்த தீட்டு. இந்த வருஷம் எடுத்தே ஆக வேண்டும்.

4. சரி, தோள் அவனுடையதாக இருக்கட்டும், காவடி என் கையால் செய்தது என்று சொல்லிவிட்டேன். பிரம்பு வேண்டாம், கோயில் இரும்புக் காவடி வேண்டாம்.

இன்று காவடியின் வளைவை அச்சிலிருந்து கழற்றினேன். பீச் கட்டை. தவுக்கே கப்பலில் வரவழைப்பது. இங்கே கிடைக்கிற மரம் எதை வளைத்தாலும் முறிகிறது, அல்லது அசையவே மாட்டேன் என்கிறது. பீச் மட்டும் ஒரு மணி நேரம் ஆவியில் வெந்தால் மீ நூடுல்ஸ் மாதிரி வளையும். வெளிப்பக்கம் இரும்புப் பட்டை கட்டி, அரை நிமிஷத்துக்குள் அச்சோடு சேர்த்து இழுத்துக் கிளாம்பு போட வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் சூடு போய்விடும், மரம் பிடிவாதம் பிடிக்கும்.

பதினான்கு நாள் பாய்லர் அறைச் சூட்டில் காய்ந்தது. கிளாம்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். அசையவில்லை. அரை வட்டம் என்றால் அரை வட்டம். வளைக்கும் பிரிவுக்குத் தலைமை ஆ செங். இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "போலே லா," என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். அவன் வாயிலிருந்து அது வந்தால் மற்றவன் மாலை போட்ட மாதிரி.

சீனப் பெருநாளுக்குப் பட்டறை மூடியாயிற்று. மூன்றாம் தேதிதான் திறப்பு. வளைவை பிளாஸ்டிக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தேன். நான் நனைந்தேன். அது நனையவில்லை.

சனவரி 24, ஞாயிறு

நல்ல வெயில். துணி காய்ந்தது. வீட்டுக்காரி பாக்கியத்துக்குச் சந்தோஷம்.

காலையில் வளைவுக்கு உப்புத்தாள் போட்டேன். பீச்சைத் தேய்க்கத் தேய்க்க ஒரு சுகம். வெளிர் சிவப்பு. மேலே கேழ்வரகு தூவிய மாதிரிச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி. கனம். வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. அதனால்தான் அகப்பைக்கும் ஆகிறது. பாக்கியத்துக்கு ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். தினமும் சாம்பார் கிண்டுகிறாள், நன்றாயிருக்கிறது என்று இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது.

அரக்குப் பூசலாம் என்று டப்பாவைத் திறந்தேன். கோயில் செக்ரட்டரி முத்தையா வந்து சேர்ந்தார். காவடிப் பெயர் பதிகிறாராம். கையில் ஃபைல், பாக்கெட்டில் மூன்று பேனா. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். என் வீட்டு நாற்காலியை!

"என்னா மரம் ராசு இது?"

"பீச்சுங்க. ஐரோப்பா மரம்."

"வெள்ளைக்காரன் மரமா? சாமிக்கு ஆகுமா? சாஸ்திரத்துல இருக்கா?"

"லாரியில ஸ்பீக்கர் கட்டறது சாஸ்திரத்துல இருக்குங்களா?"

அது பிடிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் ஆரம்பித்தார்.

"பட்டறையில கண்டதைத் தின்னுட்டுத் தொட்டிருப்பானுங்க லா. புதுச் சிலை வந்தா என்னா செய்றோம்? ஜலத்துல வச்சு எடுக்குறோம். அதே மாதிரி இதையும் மூணு நாள் தண்ணியில போட்டு எடு. தோஷம் போயிரும்."

"சிலை கல்லுங்க. இது கட்டை."

"கட்டைன்னா தண்ணி ஆகாதா? படகு எதுல செய்றான்?"

"அது செங்கால் மரம். கடல்ல கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. இதை மழையில வச்சாலே உளுத்துப் போயிரும். தண்ணியக் கண்டா குடிச்சு ஊதும், காஞ்சா சுருங்கும்."

"சரி, என்னமோ செய். அரக்கு மட்டும் இப்ப பூசாத. அது பூச்சியோட எச்சில். பூசையெல்லாம் முடிச்சு, கடைசி நாள் பூசிக்க."

பாக்கியம் கதவோரத்திலிருந்து கண்ணால் சாடை. டப்பாவை மூடிவிட்டேன். பூச்சியின் எச்சில் ஆகாது, தேன் மட்டும் ஆகுமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அவர் வாசலைத் தாண்டியதற்கப்புறம்தான் அது தோன்றுகிறது. எப்போதும் இப்படித்தான்.

சனவரி 25, திங்கள்

சீனப் பெருநாள். விடியும் முன்னே பட்டாசு. தெருவெல்லாம் சிவப்புக் காகிதம். ஆ செங் அவன் மகனிடம் ஆறு ஆரஞ்சு கொடுத்தனுப்பினான்.

சாயங்காலம் காவடியைச் சரசு வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். எடுக்கிறவன் வீட்டுச் சாமி அறையில்தான் இருக்க வேண்டுமாம். எங்கள் ஊர் புந்தோங்கில் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் அவர்கள், ஈயக்குட்டைக்குப் பக்கத்தில். ஈயம் எடுத்துவிட்டுப் போன பள்ளம், இப்போது தண்ணீர்.

வளைவு தனி, தோளில் வைக்கும் அடிக்கட்டை தனி. வளைவின் இரண்டு முனையும் அடிக்கட்டைக் குழியில் உட்கார வேண்டும். மயிலிறகு, துணி எல்லாம் கட்டி முடித்துக் கடைசியில்தான் ஸ்குரு முடுக்குவது.

மாணிக்கம் விரத மாலையோடு, தாடியோடு, பாயில் உட்கார்ந்திருந்தான். லூமுட்டில் கட்டட வேலை, லீவுக்கு வந்திருக்கிறான். முன்னறையில் வைத்து அவனிடம் சொன்னேன்:

"மாப்ளே, இதுக்குத் தண்ணி ஆகாது. செக்ரட்டரி என்ன சொன்னாலும் சரி. வேணும்னா மஞ்சத் தண்ணி ரெண்டு சொட்டு தெளிச்சு ஒடனே தொடச்சிரு."

"சரிங்க மச்சான்."

கிளம்பும்போது இன்னொரு தடவை சொன்னேன். இன்னொரு சரிங்க மச்சான். சரசு தேத்தண்ணி கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்து அந்த இரண்டு விரலையும் மடக்கிப் பார்த்தாள். "முன்னைக்கு இப்ப பரவால்லண்ணே," என்றாள். ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்கிறாள். எனக்கு எரிச்சல். கையை இழுத்துக்கொண்டேன்.

சனவரி 28, வியாழன்

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு.

- மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.
- மோட்டார் செயின் தளர்ந்திருக்கிறது.
- பாக்கியத்தின் அண்ணனுக்குக் கடிதம். சித்தியவானிலிருந்து தைப்பூசத்துக்கு வருகிறார்களா, எத்தனை பேர், எங்கே படுக்க வைப்பது?

கோயிலில் ஸ்பீக்கர் சோதிக்கிறார்கள். காலை ஆறிலிருந்து "அலோ அலோ ஒன் டூ த்ரீ." ஒன் டூ த்ரீக்கு மேல் எண்ணத் தெரியாதவன் கையில்தான் எப்போதும் மைக்.

கடையில் பழைய பேச்சு. எதிர்வீட்டு டிரைவர் கேட்கிறான்: "காவடியெல்லாம் செய்றியாமே ராசு, கை தாங்குமா?" தாங்கும். தாங்கித்தான் செய்தேன். ஒருவனுக்குக் கை போனால் ஊருக்கே அந்தக் கையில் உரிமை வந்துவிடுகிறது. நான் யாரையாவது பார்த்து, உங்கள் மூளை தாங்குமா என்று கேட்டிருக்கிறேனா?

சனவரி 30, சனி

எழுதும்போதே பென்சில் முனை ஒடிந்துவிட்டது. கோபத்தில்தான்.

நாலு மணிக்குச் சரசு நடந்தே வந்தாள். செருப்பு ஒரு காலில் அறுந்திருந்தது. அழுது மூக்கெல்லாம் சிவப்பு.

"அண்ணே, காவடி வாயைப் பொளந்துக்கிச்சுண்ணே."

போனேன். பார்த்தேன். என் அரை வட்டம் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது. அடிக்கட்டையில் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் வெளியே நிற்கிறது. போதாததற்கு ஒரு பக்கம் முறுக்கியும் இருக்கிறது. முனைகளில் வெடிப்பு.

மாணிக்கம் மத்தியானம்தான் லூமுட்டிலிருந்து வந்தானாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன செஞ்சே மாப்ளே?"

"ஒண்ணும் செய்யல மச்சான். சும்மாதான் வச்சிருந்தோம். தானா விரிஞ்சிருச்சு."

தானாக! பதினான்கு நாள் காய்ந்த பீச்! நான் வளைத்த நாற்காலி முதுகு எத்தனையோ காப்பிக் கடையில் குண்டு குண்டு ஆட்களைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்றாவது தானாக விரிந்ததா?

அதற்குள் செக்ரட்டரி வந்துவிட்டார். கூட நாலு பேர். எப்படித்தான் மூக்கில் வியர்க்கிறதோ. வளைவைத் தூக்கிப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அவர் பார்த்ததும் நாலு பேரும் பார்த்தார்கள்.

"பலம் இல்லாத கையால வளைச்சா இப்படித்தான் லா. இறுக்கம் பத்தல. நீ மனசுல வச்சுக்காத ராசு. கோயில்ல இரும்புக் காவடி சும்மாதான் கெடக்கு, எடுத்துக்கட்டும்."

கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டேன். எதற்காக விட்டேன்? நான் திருடினேனா?

சனவரி 31, ஞாயிறு

வளைவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். காலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்தது:

மேற்பரப்பு பூனை நாக்கு மாதிரிச் சொரசொரப்பு. நான் கண்ணாடியாகத் தேய்த்துக் கொடுத்தது. தண்ணீரில் ஊறினால்தான் நார் இப்படி எழும்பும்.

ஒரு பக்கம் முழுக்க மங்கலான கறைக்கோடு.

முனை வெடிப்பு, ஊறியதை வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்ததால். நிழலில் காய்ந்தால் இவ்வளவு வெடிக்காது.

ஸ்குரு ஓட்டையில் மணல். வெள்ளை மணல். அவர்கள் வீட்டு வாசல் செம்மண். வெள்ளை மணல் ஈயக்குட்டையில் மட்டும்தான்.

ஆக, ஊறப்போட்டிருக்கிறான். திங்களோ செவ்வாயோ, லூமுட்டுக்குத் திரும்புவதற்கு முன். இரண்டு தடவை சரிங்க மச்சான் சொல்லிவிட்டு! அதுவும் எதில்? ஆடு மாடு இறங்குகிற, பழைய டயர் மிதக்கிற குட்டையில். அதில் தோஷம் போகுமாம்.

பாக்கியத்திடம் மணலைக் காட்டினேன். அகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதைத் தெனம் தண்ணியிலதான் போடுறேன். இது விரியலியே?"

"அது அறுத்துச் செதுக்குனது. வளைச்சது இல்ல. ஆவியில வளைச்ச கட்டை, திரும்ப ஊறுனா பழைய மாதிரி நிமிரப் பாக்கும்."

"அப்ப உங்க மேல தப்பு இல்ல."

"அதைத்தானே நேத்துலேருந்து சொல்றேன்!"

"எங்கிட்ட எதுக்குக் கத்துறீங்க? அவரைப் போய் இப்ப ஏசிராதீங்க. மாலை போட்டவரு. விரதத்துல இருக்கறவங்க மனசு நோவக்கூடாது."

அதுதான் கொடுமை. நாற்பத்தெட்டு நாள் அவன் பொய் சொல்லலாம், நான் திட்டக்கூடாது! தைப்பூசம் எட்டாம் தேதி. பால் ஊற்றி மாலையைக் கழற்றின நிமிஷம் ஆரம்பிக்கிறேன். மறக்காமலிருக்க:

- இரண்டு தடவை சொன்னேனே, காது எங்கே போயிற்று?
- ஊறப்போட்டதுகூடப் பரவாயில்லை, தானாக விரிந்தது என்றாயே, அந்த வாய் யாருடையது?
- ஊர் முன்னால் என் கையைப் பார்க்க வைத்தாய்.
- என் தங்கச்சி உன்னை நம்பி வேண்டினாள்.
- குட்டையில் டயர்!
- செக்ரட்டரி உனக்குச் சாமியா?
- லூமுட்டில் சிமெண்டும் இப்படித்தான் கலக்குகிறாயா?

இன்னும் இரண்டு இருக்கிறது. இந்த நோட்டில் எழுதக்கூடியது இல்லை.

பிப்ரவரி 3, புதன்

பட்டறை திறந்தது. வாசலில் பட்டாசு, சாமிக்கு ஊதுவத்தி. தவுக்கே எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கு மட்டும் தோளைத் தட்டினார்.

வளைவை மோட்டாரில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஆ செங் முதலில் வளைவைப் பார்க்கவில்லை, விரிந்துவிட்டது என்றதும் என் கையைத்தான் பார்த்தான். இவனுமா! கட்டையை அவன் மேஜையில் போட்டேன்.

விரலால் தடவினான். முனையை மோந்தான். ஓட்டையில் ஆணியை விட்டு நெம்பி, விழுந்த மணலை உள்ளங்கையில் தேய்த்தான்.

"ஆயேர் மா! ரெண்டாம் புஞ்ஞா!"

தண்ணீர். ஊறவைத்தது என்று அர்த்தம். மூன்று மூச்சில் கண்டுபிடித்தான். எங்கள் சாதிசனம் அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள், எங்கள் சாமியைக் கும்பிடாத இவன் ஒருத்தன்தான் மரத்தைப் பார்த்தான். மரத்தூள் போன மாதிரி இருமிக்கொண்டேன்.

பீச் புதுக் கட்டை கிடையாது. கப்பல் வரவில்லை. பழையதையே மறுபடி அவிக்கலாம், வெடித்த முனைகளை அறுத்துவிட்டால். வளைவு ஒரு சாண் சிறுத்துவிடும். அடிக்கட்டையில் குழி புதிதாக வெட்ட வேண்டும். காய ஐந்து நாள்கூட இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செய்தோம். ஆவிப் பெட்டிக்குள் ஒன்றரை மணி நேரம் வெந்தது. ஆ செங் இடது முனை. எனக்கு வலது. கையுறை போட்டுக்கொண்டு நின்றேன். தேய்க்கும் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் சோற்றுப் பொட்டலத்தோடு வேடிக்கை பார்க்க வந்தார்கள். பெட்டி திறந்தது, ஆவி முகத்தில். "தாரிக்!" என்றான். இழுத்தேன். அந்த இரண்டு விரலும் மடங்காமல் நீட்டிக்கொண்டுதான் நின்றன. மற்ற மூன்றும் உள்ளங்கையும் போதும். மரம் ஒரு முனகல் முனகிவிட்டு வந்து அச்சில் படுத்தது. கிளாம்பு. கிளாம்பு. கிளாம்பு. முடிந்தபோது தோள்பட்டை வரை எரிந்தது. கை நழுவவில்லை.

"நான் பழையபடி இங்கே வரலாமா? தவுக்கேயிடம் சொல்வாயா?" மலாயில் கேட்டேன். மூன்று மாதமாகக் கேட்க நினைத்தது.

"நந்தி தெங்ஙோக் லா," என்றான். பார்க்கலாம். அடுத்த வாரம் பேசுகிறானாம்.

பிப்ரவரி 4, வியாழன்

தலைவலி. வெயில் அப்படி.

பாய்லர் அறையில் வளைவை மூன்று தடவை போய்ப் பார்த்தேன். நான்காவது தடவை ஆ செங் துரத்திவிட்டான்.

பல் வலி தேவலை.

பிப்ரவரி 6, சனி

கழற்றியாயிற்று. விரல் அகலம் விரிந்தது, அதற்கு மேல் இல்லை. அவசரக் காய்ச்சலுக்கு அது நியாயம்தான். அங்கேயே அடிக்கட்டையில் உட்கார வைத்து, துளை போட்டு, ஸ்குரு முடுக்கி, பித்தளைப் பட்டை அடித்து, மூன்று கை அரக்கும் பூசிவிட்டேன். பூச்சியின் எச்சில்! இனிமேல் இதைக் கடலில் போட்டாலும் சீக்கிரம் குடிக்காது. பீச் எந்தப் பூச்சையும் அப்படி வாங்கிக்கொள்ளும். தேன் நிறம்.

சரசு வீட்டில் கொடுத்தேன். தொட்டுக் கும்பிட்டாள். மாணிக்கம் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். வளைவு சிறுத்துவிட்டது, ஆனாலும் கொண்டையில்லாத தலை, சமாளிக்கும். என்னைப் பார்க்காமலே "நல்லாருக்கு மச்சான்," என்றான். நானும் அவனைப் பார்க்காமல் தலையாட்டினேன். இன்னும் இரண்டு நாள்.

பாக்கியத்தின் அண்ணன் குடும்பம் வந்துவிட்டது. ஏழு பேர். என் பாயில் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 8, திங்கள். தைப்பூசம்

வெயில், புழுதி, மோர், நாதஸ்வரம், ஸ்பீக்கர். காலுக்குக் கீழே தார் கொதித்தது. மாணிக்கம் நன்றாகவே எடுத்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு இடத்திலும் உட்காரவில்லை. காவடி அசையவில்லை, முனகவில்லை. போகிற வழியில் இரண்டு பேர், யார் செய்தது என்று கேட்டார்கள். சொன்னேன். பால் ஊற்றினார்கள். குருக்கள் மாலையைக் கழற்றினார்.

தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால், மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஒன்பதும் மனப்பாடம். ஆரம்பித்தேன். காதில் தொடங்கி வாய்க்கு வந்து டயர் வரை போய்விட்டேன். அவன் விபூதியும் வேர்வையுமாகத் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். அது என் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது. சிமெண்டுக்கு வந்தபோது சரசு நடுவில் வந்து நின்றாள்.

"போதும்ணே. அவரு அப்ப லூமுட்டுல இருந்தாரு. நாந்தான் போட்டேன்."

"என்ன போட்டே?"

"குட்டையில. புதன்கெழம செக்ரட்டரி வீட்டுக்கு வந்து சொன்னாரு. தோஷத்தோட தூக்குனா, யாருக்காக வேண்டுனியோ அவங்களுக்குத்தான் ஆகாதுன்னு. எனக்கு உன் கைதாண்ணே கண்ணுல நின்னுச்சு. ரெண்டு ராத்திரி, ரெண்டு பகல். கல்லு கட்டி முக்கி வச்சேன். இவரு வந்து பாத்துட்டு, நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கறேன்னாரு."

"தண்ணி ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சரசு!"

"அவருகிட்ட சொன்னே. எங்கிட்ட யாரு சொன்னா? நான் அடுப்படியில உனக்குத் தேத்தண்ணி கலக்கிக்கிட்டு இருந்தேன்."

உண்மை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேண்டியவள் அவள். விரதச் சோறு ஆக்கியவள் அவள். நான் முன்னறையில் ஆம்பிளையிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாணிக்கத்தைப் பார்த்தேன். அவன் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வார்த்தை அவன் மேல் வீணாகிவிட்டது.

சத்தம் கேட்டுச் செக்ரட்டரி வந்தார். நெஞ்சில் பெரிய பேட்ஜ். பின்னாலேயே கூட்டம். அதில் தேய்க்கும் பிரிவு ஆட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள், கையில் மோர்.

"என்னா ராசு, சாமி எடத்துல சத்தம்? அந்தக் கட்டை விசயமா? யாராச்சும் தண்ணியில கிண்ணியில போட்டாங்களா? மொறையா மந்திரம் சொல்லிப் போடணும், தெரியும்ல. பொம்பளைங்க பாட்டுக்குத் தூக்கிப் போட்டிருந்தா இந்த நேர்த்தியே சேராது. திரும்ப எடுக்கணும்."

அவரே சொல்லிக்கொடுத்துவிட்டு! சரசுவின் முகத்தில் ரத்தமே இல்லை. மாணிக்கம் வாயைத் திறக்கப் போனான். தோளில் காவடி அழுத்தின இடம் தோலுரிந்து சிவந்திருந்தது. திரும்ப எடுக்கணுமாம்.

"இல்லீங்க," என்றேன். "தண்ணியெல்லாம் இல்ல. என் கைதான். பலம் பத்தல."

"நான் அன்னைக்கே சொன்னேன் லா," என்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். தேய்க்கிற ஆட்கள் இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துத் தலையாட்டினார்கள். நாளைக் காலை தேத்தண்ணி நேரத்துக்குள் தவுக்கே காதுக்குப் போய்விடும். அதற்கப்புறம் ஆ செங் என்ன பேசி என்ன?

சரசு அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாணிக்கம்தான் அழுதான், அந்தத் தடியன்.

யாரிடமும் சொல்ல முடியாது. இங்கேயாவது இருக்கட்டும். இரண்டு தடவை வளைத்தேன். இரண்டு தடவையும் என் கை நழுவவில்லை.

நாளை ஏழரைக்கு உப்புத்தாள்.